பதினோராம் நாள்

பிட்ஸ்பர்க்கில் ஜனவரிப் பனி. விசா கிட்டாமல் தாத்தாவும் பாட்டியும் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட, தலைச்சன் குழந்தையோடு அந்த இளந்தம்பதியர் தனித்திருந்தனர். பத்து இரவுகளாக உறக்கமில்லை. அங்கு பின்னிரவு மூன்று மணி என்றால் ஸ்ரீரங்கத்தில் பகல் ஒன்றரை. அழுகைக்குக் காரணம் வினவும் தாய்க்குப் பாட்டி, உண்ட கை உலரும் முன்பே மறுமொழி உரைப்பார்.

பதினோராம் நாள், பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் ஆலயத்தில் அறிமுகமான வாத்தியார் வந்து புண்ணியாகவாசனம் செய்வித்தார். பெயரோதுவது தந்தையின் உரிமை. அவரோ, தம் தந்தையே ஓதட்டும் எனக் கைபேசியைக் குழந்தையின் வலச்செவியருகே பிடித்தார். இணைப்பு அறுந்தது. முகூர்த்தமோ கடந்துகொண்டிருந்தது. மனைவி அவரை நிமிர்ந்து நோக்கினாள். அவர் குனிந்து, “ரங்கநாதன்” என மும்முறை சொன்னார். மூன்றாம் முறை குரல் தழுதழுத்தது.

கைபேசி மீண்டும் ஒலித்தது.

“பேர் சொல்லியாச்சாடா?”

“ஆச்சு அப்பா. நானே சொல்லிட்டேன்.”