இழுவை வண்டி எந்த ஊர்ல நிக்குது?

விருத்தாசலத்திலிருந்து பீங்கான் பொம்மை லோடோடு கிளம்பிய குட்டி யானை, உளுந்தூர்பேட்டை ரோட்டில் படுத்துவிட்டது. ராத்திரி 11 மணி. கிளட்ச் வயர் கட். இன்சூரன்சோடு தனியாகக் காசு கட்டி வாங்கிய சாலை உதவிக்குப் போன் போட்டால், "லேண்ட்மார்க் சொல்லுங்க சார்". புளியமரம் என்றேன், வேறென்ன சொல்ல? இழுவை வண்டி விழுப்புரத்திலிருந்து வரணுமாம், மூன்று மணி நேரம். கடைசியில் டிவிஎஸ் 50-இல் வந்த நம்மூர் மெக்கானிக் அண்ணன், செல்போன் வெளிச்சத்தில் வயரை மாற்றிவிட்டார். வைக்கோலுக்குள் பிள்ளையார்கள் அசையவே இல்லை.

இந்த வருஷம் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது ஏஜென்ட்டிடம், விலையை அப்புறம் பேசலாம் என்றேன். பக்கத்து இழுவை வண்டி எந்த ஊரில் நிற்கிறது? எத்தனை கிலோமீட்டர் இலவசம்? லோடு வண்டிக்கும் உண்டா? (1033 உதவி எண் இருக்கிறதே என்பார்கள், அது தேசிய நெடுஞ்சாலைக்குத்தான்.) முதல் கேள்விக்கே ஏஜென்ட் தம்பி, "கேட்டுச் சொல்றேண்ணே" என்று போனவர்தான்.