மலையில் மட்டும் எரிந்த விளக்கு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ரிங்லெட்டை நெருங்கினால் குளிர் தழுவும். எங்களுக்கோ அங்கேதான் வயிறு கலங்கும். காரின் மஞ்சள் எஞ்சின் விளக்கு அந்த ஏற்றத்தில் எரியும். வீடு திரும்பிய சில நாளில் தானாகவே அணைந்துவிடும்.

ஊர்ப் பட்டறையில் 300 வெள்ளி கொடுத்து ஆக்சிஜன் சென்சரை மாற்றினோம். அடுத்த பயணத்திலும் அதே கதை. பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும், வெளியே மூடுபனி.

தானா ராத்தாவில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “எங்கே எரியுது தம்பி?”

“ஏத்தத்துல, வளைவுலதான் ஐயா.”

ஸ்கேனரில் தெரிந்த பிழைக் குறியீட்டை அவர் அழிக்காமல் குறித்துக்கொண்டார். எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்தார். ஓரிடத்தில் ஸ்கேனரின் அளவு சட்டென்று குதித்தது. சென்சருக்குப் போகும் ஒயர் இரும்புத் தாங்கியில் உரசி, மேலுறை தேய்ந்திருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கும்போது செம்பு இரும்பைத் தொடும், சமவெளியில் தொடாது. புதுச் சென்சர் என்ன செய்யும்? ஒயரைச் சரிசெய்து கட்டிவிட்டு, “30 வெள்ளி போதும்” என்றார்.

விட்டுவிட்டு எரியும் விளக்குக்கு இடம், நேரம், மழை, வெயில் எல்லாமே தடயம்; எழுதி வையுங்கள். கார் வழக்கம்போல் ஓடி, விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பட்டறைக்குப் போகலாம். மினுக்கினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்; எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

திரும்பும்போதுதான் அந்த அருவியை முதன்முறையாக நின்று பார்த்தோம்.