16 டிகிரி நீரில் ஒரு குட்டி உலகம்

கடலுக்கடியில் படம் எடுப்பது என்றதும் நம் நினைவுக்கு வருவது தியோமான், பெர்ஹெந்தியான், சிப்பாடான். வெதுவெதுப்பான நீல நீர், ஆமைகள், பவளப்பாறைகள். நானும் முக்குளிக்கப் பழகியது தியோமானில்தான். ஆனால், கட்டைவிரல் அளவுகூட இல்லாத உயிரினங்களை நெருங்கிப் படம் எடுக்கும் ‘மேக்ரோ’ கலையை நான் கற்கத் தொடங்கியது மெல்பர்னுக்குத் தெற்கே, மார்னிங்டன் தீபகற்பத்தின் குளிர்ந்த நீரில்.

மெல்பர்ன் நமக்குப் புதிய ஊர் அல்ல. பிள்ளை படிக்கிறார், அத்தை மகள் குடியேறிவிட்டார் என்று ஏதாவது ஒரு காரணத்தோடு போகிறோம். பெங்குவின் பார்த்து, கிரேட் ஓஷன் சாலையில் படம் எடுத்துத் திரும்புகிறோம். அதே நகரிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் பிளேர்கௌரி, ஃபிளிண்டர்ஸ் என்ற இரண்டு கடலோர ஊர்கள். இரண்டிலும் ஒரு படகுத்துறை. மேலே தூண்டில் போடுகிறவர்கள், நடைபோடும் முதியவர்கள். கீழேதான் இன்னொரு ஊர் இருக்கிறது.

தெற்கு ஆஸ்திரேலியக் கடல் நீண்ட காலம் தனித்து வளர்ந்தது. அங்குள்ள உயிரினங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. பிளேர்கௌரி துறையின் தூண் ஒவ்வொன்றையும் கடற்பஞ்சுகள் ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் நிறங்களில் போர்த்தியிருக்கின்றன. அவற்றின் நடுவே ஊர்கிறது ‘வெர்கோ’ எனப்படும் ஓடில்லாக் கடல் நத்தை: பளீர் மஞ்சள் உடலில் நீலப் புள்ளிகள். இரவில் மணலுக்குள்ளிருந்து எழுந்து வருகிறது ‘டம்ப்ளிங்’ கணவாய். பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக இருக்கும்.

குளிர் வைக்கும் கணக்கு

நான் போனது நவம்பர் மாதம். அங்கே வசந்தகாலத்தின் கடைசி. நீரின் வெப்பநிலை 16 டிகிரி. குளிர்காலத்தில் அது 10, 11 வரை இறங்கும். உடல் வெப்பத்தைக் காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடை, தலைமூடி, கையுறை எல்லாம் போட்டும் நமக்கு அங்கே கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்கு மேல் விரல் மரத்துப்போகும்.

அதனால் வேலையில் பாதியைக் கரையிலேயே முடிக்க வேண்டும். கையுறைக்குள் இருக்கும் விரலுக்குச் சின்னப் பொத்தான்கள் தெரியாது. துளை எஃப் 16, ஷட்டர் வேகம் 200இல் ஒரு விநாடி, ஐஎஸ்ஓ 200 என்று முதலிலேயே வைத்துக்கொண்டால், கீழே குவியத்தை மட்டும் கவனித்தால் போதும். கேமராவை நீர்புகாப் பெட்டிக்குள் வைப்பதும் குளிரூட்டிய, ஈரமில்லாத அறையில்தான். பெட்டிக்குள் ஈரக்காற்று இருந்தால் குளிர்நீரில் இறங்கியதும் கண்ணாடி பனி பூத்துவிடும். உள்ளே ஒரு சிலிக்கா பொட்டலம் போடுவது நல்லது.

ஃபிளாஷ் கட்டாயம் வேண்டும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் ஆழத்திலேயே எல்லாம் பச்சை கலந்த சாம்பலாகத் தெரியும். ஒளி பட்ட நொடியில்தான் அந்தத் தூணின் உண்மையான வண்ணம் வெளிவரும். குவியத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். நத்தை என்றால் தலையிலுள்ள இரண்டு கொம்புகள், மீன் என்றால் கண். அது தெளிவாக இருந்தால் மற்றவை மங்கினாலும் பரவாயில்லை.

எங்களை அழைத்துப் போன மூத்த முக்குளிப்பாளர் முதல் நாளே சொன்னார்: “ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே இருங்கள்.” வானொலி நிலையத்தில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் எங்களுக்குப் பதற்றம் வந்துவிடும். இங்கே பத்து நிமிடம் அசையாமல், மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தபோதுதான் வெறும் பாசி என்று நினைத்த இடத்தில் மூன்று நத்தைகள் தெரிந்தன.

அப்பா சுமக்கும் முட்டைகள்

ஃபிளிண்டர்ஸ் துறைக்குப் போனது கடல் டிராகனுக்காக. கடல்குதிரையின் உறவு, 45 சென்டிமீட்டர் வரை வளரும். உடலில் தொங்கும் இலைகள் போன்ற பகுதிகளால் கடற்களையோடு களையாக மிதக்கும். விக்டோரியா மாநிலத்தின் கடல்சார் சின்னமும் அதுதான். சுமார் 250 முட்டைகள் வரை வாலுக்கடியில் ஒட்டிச் சுமப்பது ஆண். ஏறத்தாழ இரண்டு மாதச் சுமை அது.

அப்படி ஒருவர் எங்கள் எதிரே வந்தார். வாலுக்கடியில் முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. மேக்ரோ பழகுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். காற்றும் நேரமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுற்றிப் போய் மறித்திருந்தால் படம் கிடைத்திருக்கும். வழிகாட்டி கையை விரித்துக் காட்டினார்: நில்.

மேலே வந்த பிறகு காரணம் சொன்னார். கடல் டிராகனால் வேகமாக நீந்த முடியாது. துரத்தினால் ஆழம் மாறி, உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை பாதிக்கப்படலாம். கடல்குதிரை இன மீன்களிடம் நடத்திய ஆய்விலும், ஃபிளாஷ் ஒளியைவிட மனிதர் தொட்டு நகர்த்துவதே அவற்றை அதிகம் கலங்கடிக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

எனக்குக் கிடைத்தது பக்கவாட்டிலிருந்து ஒரு சாதாரணப் படம். முட்டைகள் சரியாகத் தெரியாது. ஆனால் உடலின் புள்ளிகள் தெளிவு. நம் கைரேகை போல ஒவ்வொரு கடல் டிராகனுக்கும் புள்ளிகள் வேறு. ‘சீடிராகன் சர்ச்’ என்ற ஆய்வுத் திட்டம் பொதுமக்கள் எடுக்கும் இத்தகைய படங்களை வாங்கி, எந்த மீன் எங்கே, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்று கணக்கெடுக்கிறது. கடல் சூடேறிவரும் காலத்தில் அந்தக் கணக்கு முக்கியம். என் படமும் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஃபிளிண்டர்ஸின் பழைய மரத்துறையை ஒரு கட்டத்தில் இடிக்கத் திட்டமிட்டார்கள். ஊர்க்காரர்களும் முக்குளிப்பாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த மரத்தூண்களின் நிழலும் அவற்றைச் சுற்றிய கடற்புல்லும் கடல் டிராகன்களின் வீடு என்பது அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. இடிப்பு நின்றது, பழுதுபார்ப்புக்கு அரசு பணம் ஒதுக்கியது.

போக நினைப்பவர்களுக்கு

முதலில் ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழை நம் ஊர்க் கடலிலேயே எடுத்துவிடுங்கள். மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகிய பிறகே கேமராவைத் தொடுங்கள். இல்லையென்றால் படத்துக்காகத் தூணைப் பிடிப்போம். அங்கே ஒட்டியிருப்பவை நசுங்கும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேக்ரோ வசதியுள்ள சிறிய நீர்புகா கேமராவும் ஒரு விளக்கும் தொடக்கத்துக்குப் போதும். வீட்டில் கடுகையும் கறிவேப்பிலையையும் படமெடுத்துப் பழகலாம்.

தெற்குக் காற்று அடித்தால் பிளேர்கௌரி அமைதியாக இருக்கும். மேற்குக் காற்றுக்கு ஃபிளிண்டர்ஸ். நீலவளைய ஆக்டோபஸும் அங்கே உண்டு. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. வெறும் சிப்பி என்று எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

முக்குளிக்காதவர்களும் வரலாம். அலையில்லாத காலையில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, தக்க துணையோடு மிதந்தாலே ஃபிளிண்டர்ஸில் கடல் டிராகனைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அடுத்த முறை மெல்பர்ன் போகும்போது ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். முட்டையைச் சுமப்பது அப்பா என்று சொல்லிப் பாருங்கள். திரும்பும் வழியெல்லாம் கேள்விகள் வரும்.