11ஆம் பின்

ஹாம் ரேடியோக்காரர்களில் ஒரு சிறு கூட்டம் பேச்சோடு நிற்பதில்லை, படமும் அனுப்புகிறது. பிரிட்டனில் இவர்களுக்கு 1949 முதல் சங்கமே உண்டு, பிரிட்டிஷ் அமெச்சூர் டெலிவிஷன் கிளப் என்று. வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பும் சிக்னல் நாலு ஊர் தாண்ட வேண்டுமானால் மேட்டில் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். ஒரு அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் வலுவாகத் திருப்பி விடுவது அதன் வேலை. அப்படி ஒன்றுக்குப் புதிய கன்ட்ரோலர் தயாராகிறது என்று கேள்விப்பட்டு, ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டின் கார் ஷெட்டுக்குப் போயிருந்தேன்.

இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். மற்றவர் பைத்தானில் ப்ரோக்ராம் எழுதும் இளைஞர். பழைய கன்ட்ரோலரைச் செய்தவர் காலமாகிவிட்டார். அதன் ப்ரோக்ராம் பிரதி யாரிடமும் இல்லை. அதனால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. இந்தக் கிளப்பாருக்கு அது புதிதல்ல. அவர்களுடைய ‘போர்ட்ஸ்டவுன்’ என்ற டிஜிட்டல் டிவி டிரான்ஸ்மிட்டரே ராஸ்பெர்ரி பையை வைத்துத்தான் ஓடுகிறது.

கன்ட்ரோலருக்கு வேலை நிறைய. எந்த ரிசீவரில் படம் வருகிறதென்று பார்த்து அதை வெளியே விட வேண்டும். யாரும் இல்லாதபோது நிலையத்தின் அழைப்புக் குறியோடு டெஸ்ட் கார்டைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், நிறுத்து என்றால் நின்றாக வேண்டும். இவர்கள் ஒளிபரப்பும் 1240 – 1325 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் முன்னுரிமை ராடார்களுக்கு. கலிலியோ செயற்கைக்கோள்களின் ஒரு சிக்னலும் 1278.75-இல் அங்கேயே இறங்குகிறது. அமெச்சூர்கள் ஒண்டுக்குடித்தனம்தான். ஆளில்லாத மேட்டில் டிரான்ஸ்மிட்டர் தானாக ஓடிக்கொண்டே இருந்தால் உரிமத்துக்கே ஆபத்து.

பெரியவர் மேஜைமேல் இரண்டு பலகைகளை வைத்தார். ஒன்று, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டு. “இதை வாங்கவே வாங்காதீர்கள்” என்றார். காரணத்தைச் செய்தே காட்டினார். அந்த மாதிரி போர்டுகளில் பெரும்பாலானவை உள்ளீட்டை பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்கினால்தான் ரிலேயை மூடும். பை போர்டு உயிர்த்தெழும் அந்தச் சில நொடிகளில் ப்ரோக்ராம் இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. பின்கள் தம் இயல்பு நிலையில் கிடக்கும். சிப்புக்குள் இருக்கும் சிறு ரெசிஸ்டர்கள் ஜிபிஐஓ என்று எண்ணிட்ட பின்களில் 0 முதல் 8 வரை உள்ளவற்றை மேலே இழுத்து வைக்கும், 9 முதல் 27 வரை கீழே. பின்னைப் பார்க்காமல் கோத்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்மிட்டர் யாரையும் கேட்காமல் ஆன் ஆகலாம்.

அதனால் அவர் தேர்ந்தெடுத்தது ஜிபிஐஓ 17, அதாவது வரிசையில் 11ஆம் பின். மேஜைமேல் இருந்த இரண்டாவது பலகையில், நடுவே யூஎல்என்2803 என்ற பதினெட்டுக் கால் சிப். அதற்கு மேல்நிலை வந்தால்தான் ரிலே மூடும்; வயர் அறுந்தாலும் பைக்குக் கரண்ட் போனாலும் திறந்தே கிடக்கும். பையின் பின் 3.3 வோல்ட்தான் தாங்கும், 12 வோல்ட் ரிலேச் சுருளுக்கு வேண்டிய கரண்டையும் அதனால் தர முடியாது. இரண்டையும் இந்தச் சிப் பார்த்துக்கொள்கிறது. ரிலே விடுபடும்போது சுருள் திருப்பி உதைக்கும் மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ள டயோடும் உள்ளேயே உண்டு. ஆனால் பத்தாம் காலை 12 வோல்ட்டில் இணைத்தால்தான் அந்த டயோடு வேலை செய்யும். அந்த ஒரு சால்டரிங்கை அவர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டாம் முறை பார்த்தார்.

படங்களை மாற்றிவிடும் எச்டிஎம்ஐ ஸ்விட்சரைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் ரிமோட்டோடு விற்பது. மேட்டில் ரிமோட்டை அமுக்க ஆள் ஏது? ஸ்விட்சரின் கண்மேல் ஓர் இன்ஃப்ராரெட் எல்இடியை ஒட்டிவிட்டார் இளைஞர். பை போர்டே ரிமோட் போல நடிக்கிறது.

ரிசீவர் “படம் இருக்கிறது” என்று சொல்லும் லைன் ஆப்டோகப்ளர் வழியாக உள்ளே வருகிறது. பலவீனமான சிக்னலில் அது வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் மாறினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். படம் போனபின் சில விநாடி பொறுத்தே மாற்றும்படி எழுதியிருக்கிறார். பையின் எஸ்டி கார்டை வாசிக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். திடீரென்று கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருக்கும் கார்டுதான் முதலில் கெடும்.

பிறகு சோதனை. டிரான்ஸ்மிட்டருக்குப் பதில் ஒரு பல்பு. இளைஞர் வேண்டுமென்றே லினக்ஸை உறைய வைத்தார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. உறைந்த போர்டின் பின் கடைசி நிலையிலேயே நிற்கும். பையின் சிப்பிலுள்ள வாட்ச்டாக் டைமர் சுமார் 15 விநாடி பொறுத்துவிட்டு எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. ரிலே ‘டக்’கென்று விட்டது, பல்பு அணைந்தது. “வாட்ச்டாகே வேலை செய்யாவிட்டால்?” என்றேன். பெரியவர் தனியாக நின்ற ஒரு சிறு டைமர் பலகையைக் காட்டினார். பையிலிருந்து துடிப்பு நின்றால் அது டிரான்ஸ்மிட்டரின் சப்ளையையே வெட்டிவிடும். அதில் ப்ரோக்ராம் என்று எதுவும் இல்லை.

பெட்டி மேட்டுக்கு உடனே போகாது. கோபுரத்தடிக் குடிசையின் சாவி வைத்திருப்பவர் விடுமுறையில் ஸ்பெயினில் இருக்கிறார். இளைஞருக்கு அதில் வருத்தம். பெரியவருக்குத் திருப்தி. “கெடுவதானால் ஷெட்டில் கெடட்டும், டீ கெட்டில் பக்கத்தில் இருக்கிறது” என்று மறுபடி ப்ளக்கைப் பிடுங்கினார்.