எண்ணெய் ஊற்றுகிற முறை

எங்கள் மலை ஊரில் மார்கழி பிறந்தால் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. மற்ற பிள்ளைகளுக்குத் தலை வாருவதில்தான் தொல்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும்போதே, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், அர்ச்சித்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் தொங்கிய சிவப்புக் கண்ணாடி விளக்கு என் பொறுப்பில் வந்துவிட்டது.

உபதேசியாருக்கு மூட்டுவலி, ஸ்டூலில் ஏற முடியாது. "தம்பி, காலையில ஒரு தடவ, சாயந்தரம் செபமாலைக்கு முன்னால ஒரு தடவ. மறந்துடாத" என்று சாவியை என் கையில் கொடுத்தார். கண்ணாடிக்குள் பாதி தண்ணீர். அதன்மேல் இரண்டு விரற்கடை எண்ணெய். எண்ணெயில் ஒரு தக்கை மிதக்கும். தக்கையின் நடுவே திரி. எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொட்டால் சடசடவென்று பொரிந்து அணைந்துவிடும். குளிர்காலத்தில் குப்பியை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சூடாக்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுவேன். கோயில் படி ஏறுவதற்குள் குப்பியின் ஓரத்தில் வெள்ளை கட்டத் தொடங்கியிருக்கும்.

நற்கருணை இருக்கும் பேழைக்கு முன் விளக்கு ஓயாமல் எரிய வேண்டும் என்பது 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 940-ஆம் விதி. 1917-இல் வந்த பழைய தொகுப்பு இன்னும் கறாரானது: ஒலிவ எண்ணெய், இல்லையென்றால் தேன்மெழுகு. ஒலிவ எண்ணெய் கிடைக்காத ஊர்களில் ஆயரின் முடிவுப்படி வேறு எண்ணெய், அதுவும் கூடுமானவரை செடிகொடிகளிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அந்தச் சந்து வழியாகத்தான் தேங்காய் எண்ணெய் எங்கள் கோயிலுக்குள் நுழைந்திருக்க வேண்டும். கண்ணாடி சிவப்பாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது வழக்கம், ஆனால் எந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்தச் சிவப்பைத்தான்.

அரையாண்டுத் தேர்வு நாளொன்றில் மறந்துபோனேன். சாயந்தரம் கதவைத் திறந்தால் பீடமே இருட்டு. வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. பெரிய வியாழன் இரவில் நற்கருணையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபின் விளக்கு அணைந்து, பேழையின் கதவு திறந்தே கிடக்கும். "சாமி இப்ப உள்ள இல்ல" என்று அம்மாச்சி காதில் சொல்லியிருக்கிறாள். இன்று சாமி என்னால்தான் போய்விட்டார் என்றே நினைத்தேன். எண்ணெயை ஊற்றித் தீக்குச்சி கிழித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். வலைக்கு அந்தப் பக்கம் பங்குச்சாமி சிரிப்பை அடக்குவது கேட்டது. "சாமிக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்டா. நீ நாளைக்கு ஒழுங்கா வா" என்றார். அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம்.

மெழுகுதிரி அப்படியில்லை. ஏற்றிவிட்டு நாம் போய்விடலாம். நமக்குப் பதிலாக அது நின்று எரியும். எனக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தபோது, பிழைத்தால் என் உயரத்துக்குத் திரி வாங்கி வைப்பதாக அம்மாச்சி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஆளுயரத் திரி அங்கே இன்றும் பலர் செலுத்தும் நேர்ச்சைதான். கையில் காசு சேர்ந்து நாங்கள் போய்ச் சேர இரண்டு வருடம் ஆனது. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் திருவிழாக் கூட்டம். கடைக்காரர் என்னை நிறுத்தி, பக்கத்தில் திரியை வைத்துப் பார்த்தார். அப்பாவுக்கு ஒரு கேள்வி எழுந்தது: நேர்ந்துகொண்டபோது இருந்த உயரமா, இப்போதைய உயரமா? விலையில் நல்ல வித்தியாசம். அம்மாச்சி முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்தாள். "வளர்ந்ததும் மாதா குடுத்ததுதானே. பெருசையே எடுங்க."

இன்னொரு திருத்தலத்தில், நாங்கள் கொளுத்தி வைத்த சின்னத் திரிகளை ஐந்து நிமிடத்தில் ஒருவர் பிடுங்கி அணைத்துத் தொட்டியில் போட்டார். பின்னால் நின்ற கூட்டத்துக்கு இடம் வேண்டுமே. முழுசாக எரியவில்லையே என்று நான் அழுதேன். "குடுத்தாச்சு. அப்புறம் அது நம்மது இல்ல" என்று அம்மாச்சி நடந்துவிட்டாள். எனக்கு இன்றுவரை அவ்வளவு பக்குவம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் பெரிய திரியைப் புகழ்ந்து பாடும் பாடலில், மெழுகு தந்த தேனீக்களுக்கும் ஓர் இடம் உண்டு. கீழே நாங்கள் கையில் பிடித்திருப்பதோ பெட்ரோலியத்திலிருந்து வந்த பாரஃபின். தேனீக்களுக்கு இது தெரியாது.

சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்னும் அணையா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். படிக்கும்போதெல்லாம் அந்த இடையர்தான் என் கண்முன் வருவார்: மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல் நெய்க் கலயத்தோடு கோயிலுக்கு நடக்கிறவர். தெய்வம் வேறு, முறை வேறு. ஆனால் அணையா விளக்கு என்றால் அதற்குப் பின்னால் தினம் நடந்து வருகிற ஓர் ஆள் இருக்கிறார்.

இப்போது நான் இருக்கும் நகரத்துப் பங்கில் போன வருடம்வரை அந்த ஆள் இல்லை. சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு சின்ன பல்பு. விளக்கு எண்ணெயிலோ மெழுகிலோ எரிய வேண்டும் என்று திருப்பலி நூலின் விதிகள் சொல்கின்றன. ஆனால் எனக்கு விதிகூடப் பெரிதில்லை. பல்புக்கு யாரும் வர வேண்டியதில்லை என்பதுதான் உறுத்தல். கரண்ட் போனால் அணையும், வந்தால் எரியும். நடுவில் யார் வயிற்றிலும் எதுவும் புரளாது.

போன வருடம் பங்குத்தந்தையிடம் போய், மாதாமாதம் எண்ணெய் என் செலவு என்றேன். அவர் கணக்கு நோட்டை மூடிவிட்டு, "எண்ணெய் கெடக்கட்டும் சார், ஊத்துறது யாரு?" என்று கேட்டார்.

ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். செவ்வாயும் சனியும் என் முறை.