இடைத்தங்கலில் நான்கு ரக்அத்



நெடும்பயணம் புறப்பட்ட ஒருவர் வழியில் ஒரு நகரத்தில் தங்கி, சில மாதங்கள் வேலை பார்த்து, கைச்செலவுக்குப் பொருள் சேர்த்துக்கொண்டு மறுபடியும் புறப்படுவதை இன்று நம் பிள்ளைகளிடையேயும் காண முடிகிறது. அந்த இடைப்பட்ட மாதங்களை எப்படிக் கழிப்பது என்பது குறித்துச் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். நானும் அந்நிலையில் இருப்பவன்.

என் சொந்த ஊர் குளத்தூர். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்துக் கரிசல் பூமி. ஒன்றரை ஆண்டுகள் ரயிலிலும் பேருந்திலுமாக அஜ்மீர், தில்லி, லக்னோ, பீஜப்பூர், ஹைதராபாத் என்று பழைய நகரங்களையும் பள்ளிவாசல்களையும் பார்த்துவிட்டுச் சென்னை வந்து சேர்ந்தபோது கையிருப்பு கரைந்திருந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூவர் தங்கும் அறை. ஆண்டர்சன் தெருவில் ஒரு தாள் மொத்தக்கடையில் கணக்கெழுதும் வேலை. பத்து மாதங்கள் ஆகின்றன.

வந்த ஐந்தாம் நாள் அத்தா தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, அங்கே கஸ்ரா தொழுறே, முழுசாவா?” சாப்பாடு, சம்பளம், தங்குமிடம் எதையும் அவர் கேட்கவில்லை. “இன்னும் முடிவாகலை அத்தா, ரெண்டு நாள்ல கிளம்பினாலும் கிளம்புவேன். கஸ்ருதான் தொழுறேன்” என்றேன். “சரி, முடிவானதும் சொல்லு” என்று வைத்துவிட்டார். நான் அந்நகரில் வழிப்போக்கனா, குடியிருப்பவனா என்பதைத்தான் அவர் கேட்டார் என்று பிறகு விளங்கிற்று.

மார்க்கச் சட்டம் பயணியின் மனத்தை நன்கு அறிந்தது. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஃபஜ்ரும் மஃரிபும் மாறுவதில்லை. ஓர் ஊரில் பதினைந்து நாள்களுக்குக் குறையாமல் தங்குவதென்று நிய்யத் வைத்தால் அவர் முகீம், அதாவது தங்கியிருப்பவர், ஆகிவிடுகிறார் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள். ஆனால் “நாளை போவேன், நாளை மறுநாள் போவேன்” என்று உறுதியில்லாமல் நாள் தள்ளுகிறவர் எத்தனை மாதங்கள் ஆனாலும் ஹனஃபி சட்டப்படி பயணியே. இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதங்கள் சுருக்கித் தொழுததாக அறிவிப்பு உண்டு. அவர்களைப் பனி தடுத்தது. நகரங்களில் இடைத்தங்கலாக இருக்கும் நம்மில் பலரைத் தடுப்பது நம் மனமே. அறை எடுத்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு, “இது நம் ஊரா என்ன” என்று உள்ளத்தில் மட்டும் மூட்டையைக் கட்டியே வைத்திருக்கிறோம்.

வேலை உறுதியானதும் நிய்யத்தை மாற்றினேன். அன்று லுஹரில் நான்கு ரக்அத் தொழுதபோது அந்நகரின் தரையில் முதன்முதலாகக் காலூன்றியது போலிருந்தது. அதன்பின் நான் கவனிக்கத் தொடங்கியவை யாவும் சிறு விஷயங்களே. மேன்ஷனில் காலை மோட்டார் ஓடும் நேரத்திற்குள் மூவருக்கும் வாளிகளில் நீர் நிரம்ப வேண்டும். அறைத்தோழர் ஒருவர் நாகர்கோவிலைச் சேர்ந்த கிறித்தவர், இரவுப்பணி முடிந்து விடியலில் உறங்க வருபவர். ஃபஜ்ருக்கு எழும்போது விளக்கைப் போடாமல் உடுத்திக்கொள்ளப் பழகினேன். மற்றவர் சிவகங்கைக்காரர், காய்ச்சலில் நான்கு நாள்கள் கிடந்தபோது மெஸ்ஸில் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தோம். சூரத்துன் நிஸாவின் 36ஆம் வசனம் நன்மை செய்யப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்தும்போது, அண்டை வீட்டாருக்குப் பின் அருகில் இருக்கும் தோழரையும் அவரை அடுத்து வழிப்போக்கரையும் குறிப்பிடுகிறது. ஓர் அறையில் மூன்று கட்டில்கள் போட்டு வாழ்பவர்களுக்கு அந்த வரிசை எத்தனை பொருத்தம்!

இடைத்தங்கலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இப்னு பதூதா நினைவுக்கு வருகிறார். 1304இல் தாஞ்சியரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டவர். இந்தியாவுக்குள் வந்தபோது முல்தானில், இங்கேயே தங்கும் எண்ணத்துடன் வந்திருப்பதாக எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டியிருந்தது என்று கூறுகிறார். பின்னர் தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியேற்றார். ஆண்டுச் சம்பளம் 12,000 தீனார். கடன் 55,000 தீனார் வரை ஏறியதையும், பஞ்சகாலத்தில் தம் பொறுப்பிலிருந்த குத்புத்தீன் முபாரக் ஷாவின் அடக்கத்தலத்தில் ஏழைகளுக்கு உணவளித்ததையும் அவரே சொல்கிறார். ஒரு வயதும் நிரம்பாத மகளை அங்கேதான் அடக்கம் செய்தார். அதன்பின் மாலத்தீவிலும் காஜியாக இருந்து, நம் மதுரை வரை வந்து போனார்.

பல ஆண்டுகள் கழித்து, 1348இல் டமாஸ்கஸ் திரும்பியபோது, முன்பு அங்கே விட்டுச்சென்ற மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அறிந்தார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆன செய்தியும் அங்கேதான் கிடைத்தது. ஊரை நெருங்கும் வேளையில் தாயும் கொள்ளைநோயில் மறைந்த செய்தி வந்தது. அவர் காலத்தில் கடிதம் சேர்வதே அரிது. கையில் தொலைபேசி வைத்திருக்கும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இங்கே சட்டம் இன்னொன்றும் கற்பிக்கிறது. தங்கும் ஊர் வதனுல் இகாமா. சொந்த ஊர் வதனுல் அஸ்லி. தங்கும் ஊரை விட்டுப் பயணம் புறப்பட்டதும் அதன் உரிமை முடிகிறது. ஆனால் எத்தனை நகரங்களில் தங்கினாலும் சொந்த ஊரின் உரிமை அழிவதில்லை. குளத்தூருக்கு ஒரே ஒரு நாள் போனாலும் நான் நான்கு ரக்அத்தே தொழ வேண்டும். அங்கே நான் ஒருபோதும் விருந்தாளியாக முடியாது. ஆகவே வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்குப் பேசுவது, சம்பளத்தில் ஒரு பங்கு அனுப்புவது, உளுந்து விதைத்தாயிற்றா, மழை உண்டா என்று கேட்பது ஆகியவற்றையும் அந்த நான்கு ரக்அத்தைச் சேர்ந்தவையாகவே கருதுகிறேன்.

ஜமாஅத்தின் சட்டமோ இன்னும் அழகானது. உள்ளூர் இமாமின் பின்னே நிற்கும் பயணியும் முழுமையாகவே தொழுகிறார். திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் அந்த ஸஃப்பில் நின்றால், யார் நேற்று வந்தவர், யார் தலைமுறையாக வாழ்பவர் என்று பிரித்தறிய இயலாது. ரமலானில் அங்கே நோன்பு திறக்க உணவு சமைத்துப் பரிமாறுபவர்கள் சூஃபிதார் அறக்கட்டளையினர். தேசப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஓர் இந்து தொடங்கிய அமைப்பு அது. ஊரை இழந்து வந்தவர்கள் வந்த ஊரில் பிறர் பசியைத் தீர்க்கிறார்கள். சில மாதங்கள் தங்கும் நாமும் ஏதேனும் செய்யக் கூடுமன்றோ?

எங்கள் கரிசலில் அறுவடை முடிந்த புஞ்சைகளில் ஆட்டுக்கிடை போடுவார்கள். மந்தை சில இரவுகள் தங்கும். பிறகு அடுத்த புஞ்சைக்கு நகரும். அங்கேயே இருந்துவிடப் போவதில்லை என்று ஆட்டுக்காரரும் அறிவார், நிலத்துக்காரரும் அறிவார். ஆனாலும் அந்தச் சில இரவுகளின் எருவில்தான் அடுத்த வெள்ளாமை செழிக்கும். தங்கிய இடம் செழிக்க வேண்டும் என்பது கிடையின் நியதி.

உலகில் வழிப்போக்கனைப் போல் வாழச் சொன்ன அண்ணல் நபி (ஸல்) அவர்களே அண்டை வீட்டாரின் உரிமையை இத்தனை வலியுறுத்தினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பற்றுக் கொள்ளாதிருப்பது வேறு, பொறுப்பை உதறுவது வேறு. தை அறுவடைக்குக் குளத்தூர் போய்விட்டு, இன்ஷா அல்லாஹ், நான் மறுபடியும் பயணம் புறப்படுவேன். அப்போது மீண்டும் இரண்டு ரக்அத். அதுவரை இந்நகருக்கு உரியவற்றைக் குறைவின்றிக் கொடுப்பதே என் கடமை.

வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே! அடுத்த முறை பேசும்போது சம்பளத்தைக் கேட்கும் முன், முழுமையாகத் தொழுகிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதும் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

பயணத்திலும் தங்குதலிலும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக. ஆமீன்.