குட்டியானையில் ஒரு குடித்தனம்: கம்பம் பள்ளத்தாக்கின் கிடைப் படுக்கை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கோயிலைத் தாண்டி சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் போனால் இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம். இரண்டாம் போகம் அறுத்த வயல்களில் தாளைக் கடித்தபடி நிற்கும் செம்மறி ஆடுகள்தான் அவை.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இங்கே 14,707 ஏக்கரில் இரு போக நெல் விளைகிறது. வழக்கமாக ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அறுவடைக்கும் தண்ணீர் திறப்புக்கும் நடுவில் வயல் காய்ந்து கிடக்கும் சில வாரங்கள்தான் கிடை போடும் காலம். உள்ளூர் ஆட்டுக்காரர்களோடு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளும் மந்தையை ஓட்டி வருகிறார்கள்.

“ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்பது சம்சாரிகள் அறிந்த சொலவடை. ஆட்டு எருவில் தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2 சதவீதம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. கிடையில் புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவது கூடுதல் லாபம். அந்த லாபத்துக்காக விடிய விடிய வயலில் காவல் கிடக்கும் குடும்பம் எங்கே படுக்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை.

ஏழடி நீளத்தில் ஒரு வீடு

கிடை நின்ற இடத்திலேயே நிற்காது. நேற்று ஒரு மூலை, இன்று அடுத்த மூலை. படுக்கையும் கூடவே நகர வேண்டும். முன்பு கயிற்றுக்கட்டிலும் தலைச்சுமையும்தான். இப்போது சாமான் ஏற்றச் சிலர் குட்டியானை வண்டி வைத்திருக்கிறார்கள். இரவில் அதன் பின்தொட்டியே படுக்கையறை. நீளம் சுமார் 7 அடி, அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம்.

சிரமம் படுப்பதில் இல்லை, விரிப்பதில்தான். மூன்று பக்கமும் தகரம். ஏறி முட்டிபோட்டு விரித்தால், தான் நிற்கும் இடத்தையே இழுத்து விரிக்க வேண்டியிருக்கும். ஒரு மூலையைச் சரிசெய்தால் மறுமூலை சுருண்டுகொள்ளும். பகல் முழுக்க ஆட்டுப் பின்னால் நடந்தவருக்கு இது பெரிய எரிச்சல்.

சாமான் ஏற்றும் வரிசையை மாற்றினால் இந்த வேலை பாதியாகும். படுக்கைச் சுருளை முதலில் ஏற்றி, டிரைவர் கேபினை ஒட்டிக் குறுக்கே கிடத்த வேண்டும். பாத்திரம், தண்ணீர்க் கேன் அடுத்து. கிடை வலை, முளைக்குச்சி, குட்டிகளை அடைக்கும் குடாப்பு எல்லாம் கடைசி. சாயங்காலம் முதலில் இறங்குவது வலையும் குடாப்பும்தான் என்பதால் தொட்டி தானாகக் காலியாகிவிடும். பிறகு கேபின் பக்கமிருந்து கதவுப் பக்கமாகச் சுருளை உருட்டிக்கொண்டே பின்வாங்கி இறங்கினால் படுக்கை தயார். காலையில் கதவுப் பக்கமிருந்து உள்ளே சுருட்டித் தள்ளிவிடலாம்.

சுருளுக்குள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அடியில் தார்ப்பாய். அதன்மேல் வைக்கோல் திணித்துத் தைத்த சாக்கு. பகல் வெயிலில் காய்ந்த தகரத்தின் சூட்டையும் விடியற்காலை ஈரத்தையும் இது தடுக்கும். அதற்கு மேல் கோரைப்பாய், ஜமுக்காளம். பாயின் நான்கு மூலையிலும் ஜமுக்காளத்தைத் தைத்துவிட்டால் நகராது. மாற்றுத் துணியைப் பையில் போட்டால் அதுவே தலையணை. சாக்கு நனைந்தால் வைக்கோலைக் கொட்டிப் புதிது திணிக்கலாம். அறுவடை முடிந்த ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்?

வண்டியை நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். வைகாசியில் இங்கே மேற்குக் காற்று எழும்பத் தொடங்கும். கிடைக்கு மேற்கே, கேபின் மேற்குப் பார்க்க வண்டியை நிறுத்தினால் காற்றைக் கேபின் தடுக்கும். பின்கதவு கிடையைப் பார்க்கும். கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் ஆடு மிரண்டு எழுந்த சத்தம் உடனே காதில் விழும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுப்பது கட்டாயம்.

மூடிப் படுக்கக் கூடாது

இங்கிலாந்து மேய்ப்பர்களிடமும் முன்பு இப்படி ஒரு வீடு இருந்தது. இரும்புச் சக்கரம் வைத்த சிறிய குடில். ஆடு ஈனும் பருவத்தில் அதை வயலுக்கே இழுத்துப் போவார்கள். மேலே மேய்ப்பரின் படுக்கை, அதன் அடியில் தாயில்லாக் குட்டிகளுக்கு அடைப்பு, ஓரத்தில் கணப்பு. தாமஸ் ஹார்டி 1874இல் எழுதிய நாவலில் ஒரு மேய்ப்பன் கணப்பை எரியவிட்டு, காற்றுத் துளைகளை மூடியபடி தூங்கி மூச்சடைத்துச் சாகப் போகிறான். ஒரு பெண் பார்த்துக் காப்பாற்றுகிறாள்.

அது கதைக்குள் மட்டும் நடக்கும் ஆபத்தல்ல. கோடை மழைக்குப் பயந்து தார்ப்பாயை நாலாபுறமும் இறுக்கி, கொசுவுக்கு உள்ளே கரிச்சட்டி வைத்துப் படுத்தால் அதே கதிதான். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். மூட்டம் வெளியில், காற்றடிக்கும் பக்கம் தள்ளி இருக்கட்டும். தார்ப்பாயின் இரண்டு முனைகளிலும் ஒரு முழ இடைவெளி விட வேண்டும்.

தரையில் வருவதும் மலையிலிருந்து வருவதும்

வண்டி இல்லாதவர்கள் தரையில்தான் படுக்கிறார்கள். அங்கே பெரிய பயம் கட்டுவிரியன். இரவில் திரியும் பாம்பு அது. கடித்த இடம் வலிக்காமலும் வீங்காமலும் போகலாம். தூக்கத்தில் கடிபட்டவர் காலையில் வயிற்றுவலி என்பார், இமை தொங்கும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வதும் நல்ல பாதுகாப்பு. சந்தேகம் வந்தால் கீறாமல், கட்டுப்போடாமல் 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் மலையடிவாரத்தில் யானை, பன்றி வரத்தும் உண்டு. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்தது. ஜூன் 5இல்தான் பிடித்தார்கள். அதுவும் கிடைக் காலம்தான். ஆனாலும் மந்தை வயலை நம்பித்தான் வர வேண்டியிருக்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிகள் காப்பகங்களில் மேய்ச்சல் கூடாது என்று 2022இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நிலத்துக்காரர் செய்யக் கூடியது

கிடை பேசும்போது ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “அய்யா, மேட்டுப்பக்கம் எது?” என்று கீதாரி கேட்பதற்கு முன்பே, “அண்ணே, கிழக்கு வரப்பு மேடு, அங்க வண்டிய விடுங்க” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வண்டி திரும்பும் அளவுக்கு ஒரு மேடு, நாலு கட்டு வைக்கோல், மோட்டார் கொட்டகைச் சாவி, மழை வந்தால் ஒதுங்க அதன் திண்ணை. சாலையோரத்தில் படுக்க விடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம்.

மலைக்கு அந்தப்பக்கம் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் தொடங்கியது. வண்டிக்குள் படுத்து மலையைப் பார்க்க ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள். மலைக்கு இந்தப்பக்கம் வண்டிக்குள் படுப்பவர் நம் நிலத்துக்கு உரம் போட வந்தவர். ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் அவர் சுருளைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். நன்றாகத் தூங்கிப் போனவர் அடுத்த வருஷமும் அதே வயலைத் தேடி வருவார்.